பொன்னும் பூணும்

உத்ஸவ காலங்களில் எம்பெருமானை ஸேவிக்க வரும் அடியார்கள், திரை விலகும் அந்தக் கணத்தில் முதற்கண் காண்பது ஒளியையே ஆகும். தீபம் சுழல, அதனோடு திருமார்பில் ஓர் ஒளி சுழல்கிறது; தட்டு உயர, திருமுடியில் ஓர் ஒளி உயர்கிறது. அதற்குள் பின்னால் நிற்பவர்கள் நெருக்குகிறார்கள். "நகருங்கள், நகருங்கள்" என்ற குரல் கேட்கிறது. ஊருக்குத் திரும்பியபின், வர இயலாமல் வீட்டில் இருந்துவிட்ட முதியவர் ஒருவர், "பெருமாளுக்கு என்ன சாத்தியிருந்தார்கள்?" என்று ஆவலோடு கேட்டால், "நிறைய நகை" என்பதற்குமேல் விடை சொல்ல முடிவதில்லை.

இது அடியார்களின் குறையன்று. ஸேவை கிட்டும் நேரமோ சில விநாடிகள். சாத்தியிருப்பவையோ திருமுடி தொடங்கித் திருவடி வரை பல. ஆயினும் திருவாபரணம் எந்த உலோகத்தால் எவ்வாறு ஆகிறது, எந்தத் திருவவயவத்துக்கு எது உரியது என்பதைச் சிறிது அறிந்து ஸேவிப்பவருக்கு அச்சில விநாடிகளே நீண்டுவிடும். அறிந்தவர் கண் ஒன்றைக் கண்டு மற்றொன்றைத் தேடும். அதற்கு உதவும் அளவில் சில செய்திகள் இங்கே கூறப்படுகின்றன.

உலோகத்தின் அழகு

அர்ச்சாவதாரமாக எழுந்தருளியிருக்கும் உத்ஸவரின் திருமேனியே உலோகத்தால் ஆனது. ஐம்பொன் என்று வழங்கும் அக்கலவையில் செம்பே மிகுதி. பொன்னும் வெள்ளியும் சிறிதளவே சேரும். ஆகவே உலோகத்தின்மேல் உலோகம் சாத்தப்படுகிறது. திருமேனியின் ஆழ்ந்த நிறமும் ஆபரணத்தின் பளபளப்பும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டி நிற்கின்றன.

பொன்னுக்கு அந்த நிறம் வந்தது எப்படி? வெள்ளி, தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை நிறம் பாராமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் வெண்மையாகத் தோன்றுகிறது. பொன்னோ நீல ஒளியைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, மஞ்சளும் சிவப்பும் சார்ந்த ஒளியையே மிகுதியாகத் திருப்புகிறது. நெய்விளக்கின் சுடரில் இயல்பாகவே நீலம் குறைவு. எனவே பொன் திருப்பித் தரக்கூடிய ஒளியையே அவ்விளக்கும் பொன்னுக்குத் தருகிறது எனலாம். கர்ப்பக்ருஹத்தில் விளக்கொளியில் காணும் பொன், கடைத்தெருவின் மின்னொளியில் காணும் பொன்னைவிடச் செழித்துத் தோன்றுவதன் காரணம் இதுவே. ஸந்நிதிக்குள் குழல்விளக்குப் போடுவதை விரும்பாத பெரியோர்களின் மனப்போக்குக்கு இப்படியும் ஒரு நியாயம் உண்டு.

பொன் காற்றாலும் நீராலும் கெடுவதில்லை. வெள்ளியோ காற்றில் கலந்துள்ள கந்தகச் சேர்க்கைகளால் நாளடைவில் கறுக்கும். செம்பு களிம்பேறும், புளியிட்டுத் துலக்கினால் புளியின் அமிலம் அக்களிம்பைக் கரைத்துச் சிவந்த உடலை மீண்டும் காட்டும். இம்மூன்றும் ஆபரணத் தொழிலில் தனித்தனியே நில்லாமல் கூடியே நிற்கின்றன என்பதை அடியார்கள் நினைவில் கொள்ள வேண்டும். தனிப்பொன் மிக மென்மையானது. அதில் செய்த கிரீடம் சாத்தும்போதும் களையும்போதும் கைப்பட்டே நெளிந்துவிடும். ஆதலால் 24 பங்கில் 22 பங்கு பொன்னும் மற்றவை செம்பும் வெள்ளியுமாகச் சேர்த்து அதற்கு உறுதி ஊட்டுகின்றனர்.

மென்மை என்று சொன்னது குறையாகத் தோன்றலாம். தொழில் தெரிந்தவருக்கு அதுவே பொன்னின் முதற்பெருமை. ஒரே அளவுள்ள நீரைவிடப் பொன் 19.3 மடங்கு கனமானது. அத்தனை கனத்த பொருள் சுத்தியலுக்கு அடங்கி, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள தகடாக விரிகிறது. அவ்வாறு விரித்தால் ஒரு கிராம் பொன் அரைச் சதுர மீட்டர் இடத்தை மூடும். கம்பியாக இழுத்தால் அதே ஒரு கிராம் இரண்டு கிலோமீட்டருக்குமேல் நீளும். வேறெந்த உலோகமும் இந்த அளவுக்குக் கைக்கு இணங்குவதில்லை. அணிகலனுக்குத் தமிழில் 'பணி' என்று ஒரு பெயர் உண்டு. பணிந்து கொடுப்பதனால்தான் பொன் பணியாகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

பொன்னின் தரத்தை முன்னோர் 'மாற்று' என்று கணக்கிட்டனர். கரிய உரைகல்லில் நகையை ஒரு கோடு இழைத்து, தரம் தெரிந்த ஆணியை அதனருகே மற்றொரு கோடு இழைத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பர். பத்தரைமாற்றுத் தங்கம் என்று உலகவழக்கில் கூறுவது இந்தக் கணக்கில் உச்சமான பொன்னையே. தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளில் பொன்னின் தரம் 'தண்டவாணி' என்னும் அளவைக் கொண்டு குறிக்கப்படுகிறது.

வெள்ளியையும் எளிதாக எண்ணுதல் வேண்டா. திருமலையில் நித்திய திருமஞ்சனமும் ஏகாந்த ஸேவையும் கண்டருளும் போக ஸ்ரீநிவாஸமூர்த்தியின் திருமேனி வெள்ளியாலானது. பல்லவ குலத்து அரசியான சாமவை அத்திருமேனியை ஸமர்ப்பித்து, அதற்கு வேண்டிய ஆபரணங்களையும் நிலங்களையும் வழங்கியதைத் திருமலைக் கல்வெட்டு உரைக்கிறது. திருமலையில் ஆபரண தானத்தைக் கூறும் மிகப் பழைய சாஸனங்களில் ஒன்று ஒரு பெண்மணியின் பெயரால் விளங்குகிறது.

பட்டறையில்

திருவாபரணம் செய்யும் பத்தர், உலை மூட்டி, மூசையில் பொன்னை வைத்து உருக்குகிறார். வெள்ளி உருகுவதற்கு 962 டிகிரியும் பொன் உருகுவதற்கு 1064 டிகிரியும் செம்புக்கு அதற்கும் சற்று மேலும் வெப்பம் வேண்டும். உருகிய பொன்னைக் கட்டியாக்கி அடைகல்லின்மேல் தட்டுகின்றனர். தட்டத் தட்டப் பொன் இறுகும். இறுகியதை மீண்டும் காய்ச்சினால் இளகும். இவ்வாறு தட்டுதலும் காய்ச்சுதலும் மாறி மாறி நிகழ்ந்தே தகடு பிறக்கிறது. பொறுமையில்லாதவர் காய்ச்சாமல் தட்டினால் தகடு விளிம்பில் வெடித்துவிடும்.

கிரீடமும் கவசமும் பெரும்பாலும் தகட்டு வேலை. தகட்டை அரக்கின்மேல் பதித்து, பின்புறமிருந்து சிற்றுளியால் தட்டி உருவத்தை எழுப்புவர். பிறகு திருப்பி வைத்து, முன்புறத்தில் கொடியும் இதழும் மயிலும் யாளியும் கூர்மைபெறச் செதுக்குவர். இதுவே நகாசு. பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்க, பொன்னைவிடச் சிறிது குறைந்த வெப்பத்தில் உருகும் பற்றாசை வெண்காரத்தோடு வைத்து ஊதுகுழலால் ஊதுவர். ஊதும் மூச்சு ஒரு கணம் மிகுந்தால் பற்றாசோடு பணியும் உருகிப்போகும். பல நாள் உழைப்பு அந்த ஒரு மூச்சில் இருக்கிறது.

கல் இழைப்பதில் இத்தென்னாட்டு வேலைக்கென ஒரு தனிச்சிறப்புண்டு. இக்காலத்து மோதிரங்களில் கல்லை நான்கு நகங்கள் பற்றியிருப்பதைக் காண்கிறோம். பழைய திருவாபரணங்களில் அவ்வாறு நகங்கள் இல்லை. கல்லின் உருவத்துக்கு ஏற்ற சிறு குழியை மெல்லிய பொற்சுவரால் அமைத்து, அதற்குள் அரக்கை நிரப்பி, ஒளி காட்டும் தகடு ஒன்றை அடியில் இட்டு, அதன்மேல் கல்லை இருத்துவர். கல்லுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் கலப்பில்லாத பொன்னின் மென்றகட்டை மடித்து மடித்துத் திணித்து, கருவியால் அழுத்துவர். கலப்பில்லாத பொன் நெருப்பின்றியே தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும். இதுவே குந்தனம். கல்லைப் பற்றியிருப்பது எது என்று கண்ணுக்குத் தெரியாது. பொற்குளத்தில் கெம்பு மிதப்பதுபோலத் தோன்றும். அக்கெம்புகள் பட்டை தீட்டப்படாமல் உருண்டையாக மெருகிடப்பட்டவை. பட்டை தீட்டிய கல் சூரிய ஒளியில் பொறி பறக்க மின்னும். உருண்டைக் கல் விளக்கொளியைத் தன்னுள் வாங்கிக் கனல்போல் நின்று ஒளிரும். எங்கே எந்த ஒளியில் காணப்படப்போகிறது என்பதை அறிந்தே முன்னோர் கல்லை அமைத்தனர்.

இக்கலை இன்றும் விளங்கும் இடங்களில் நாகர்கோவிலைச் சேர்ந்த வடசேரி முதன்மையானது. வெள்ளியில் சட்டம் அமைத்து, அரக்கு இட்டு, சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் பதித்து, மேலே பொன்றகடு போர்த்துச் செய்வது வடசேரி முறை. முழுவதும் பொன்னாகச் செய்ய இயலாத கோயில்களுக்கும் இதனால் ஆபரணம் வாய்த்தது. 1930-களில் நாட்டியம் கோயிலையும் சதிர்க் கச்சேரியையும் விட்டுச் சபா மேடைக்கு வந்தபோது, நெற்றிச்சுட்டியும் சூரியப் பிறையும் சந்திரப் பிறையும் ராக்கொடியும் ஒட்டியாணமும் அதனுடன் சென்றன. இன்று வடசேரிப் பட்டறைகளைப் பெரிதும் தாங்குவோர் நாட்டியமாடும் பெண்மணிகளே. 2007-08ஆம் ஆண்டில் 'நாகர்கோவில் கோயில் நகைகள்' என்னும் பெயர் புவிசார் குறியீடு பெற்றது. இயற்கைக் கெம்பு அரிதாகிவிட்டதால் ஆலையில் விளைந்த சிவப்புக் கற்களே இப்போது மிகுதியாக வருகின்றன. பிரெஞ்சு நாட்டு அறிஞர் வெர்னேய் 1902இல் வெளியிட்ட முறையால் கெம்பைச் செயற்கையாக விளைவிக்க முடிந்தது. பொருளளவில் அதுவும் கெம்பே. மலையில் விளைந்ததற்கு உள்ள சிறு மாசுகள் அதற்கு இல்லை, அவ்வளவே.

திருமுடி முதல் திருவடி வரை

ஸேவிப்போர் கண் மேலிருந்து கீழே வரலாம். 'திருவடி தொடங்கித் திருமுடி வரை' என்று பெரியோர் அநுபவிக்கும் முறைப்படி கீழிருந்து மேலேயும் செல்லலாம். திருவடியில் நூபுரமும் சதங்கையும். திருவரையில் அரைஞாண், அதன்மேல் உதரபந்தம். திருமார்பில் பதக்கமும் ஹாரங்களும் பொன் யஜ்ஞோபவீதமும். திருத்தோளில் வாகுவலயம், மணிக்கட்டில் கடகமும் கங்கணமும். அஞ்சேல் என்னும் திருக்கையில் பொற்கவசம். திருக்கழுத்தில் கண்டி. திருச்செவியில் கர்ணபத்ரமும் மகரகுண்டலமும். திருநெற்றியில் திலகம். திருமுடியில் கிரீடமோ கொண்டையோ அன்றைய புறப்பாட்டுக்கு ஏற்ப அமையும். இவையனைத்தும் எல்லா நாளும் சாத்தப்படுவன அல்ல. வாகனமும் நேரமும் நோக்கி அர்ச்சக ஸ்வாமிகள் தேர்ந்து சாத்துகின்றனர். குதிரை வாகனத்துக்குப் பொருந்தும் கோலம் மோஹினி அலங்காரத்துக்குப் பொருந்தாது.

கோயிலெனப்படும் திருவரங்கத்தில் அத்யயன உத்ஸவத்தின்போது பெரிய பெருமாள் முத்தங்கியிலும், வைகுண்ட ஏகாதசியன்று நம்பெருமாள் ரத்னாங்கியிலும் ஸேவை ஸாதிக்கின்றனர். நம்பெருமாளின் பாண்டியன் கொண்டையைக் கண்டவர் மறப்பதில்லை. திருநாராயணபுரத்தில் பங்குனி உத்ஸவத்தில் ஓரிரவு செல்வப்பிள்ளைக்கு வைரமுடி சாத்தப்படுகிறது. மண்டியா மாவட்டக் கருவூலத்தில் காவலில் இருக்கும் அம்முடி அன்று மலைக்கு எழுந்தருளப் பண்ணப்படுகிறது. எம்பெருமான் திருமுடியில் ஏறுமுன் அதை எவரும் வெறுங்கண்ணால் காணலாகாது என்பது அங்குள்ள மரபு. கடைகளில் கண்ணாடிப் பேழைக்குள் கிரீடங்களைப் பார்த்துப் பழகிய இக்காலத்தவருக்கு இம்மரபு விந்தையாகத் தோன்றக்கூடும். பூணுவோன் பூண்ட பிறகே அது பூண் என்பது அதன் உட்பொருளாகலாம்.

நாச்சியார் அணிகளைப் பற்றிப் பேசப் புகுந்தால் ஆண்டாளை விட்டுப் பேசுவதற்கில்லை. நோன்பின் தொடக்கத்தில் மலரையும் மையையும் வேண்டா என்று ஒதுக்கிய ஆயர் சிறுமியர், திருப்பாவையின் இருபத்தேழாம் பாசுரத்தில் அணிகளைப் பெயர் சொல்லி வேண்டுகின்றனர். கைக்குச் சூடகம், தோளுக்குத் தோள்வளை, காதின் மடலுக்குத் தோடு, அதன்மேல் செவிப்பூ, காலுக்குப் பாடகம். கூடாரை என்று கொண்டாடப்படும் மார்கழி 27ஆம் நாள் அக்காரவடிசிலை நினைப்பவர் பலர். இந்த ஐந்து பூண்களையும் நினைப்பவர் சிலரே. சூடகம் என்னும் அதே சொல், ஆண்டாளுக்குப் பிற்பட்ட தஞ்சைக் கல்வெட்டிலும் ஆபரணப் பெயராக வருகிறது. பாசுரத்தில் பாடியதைத் தட்டார் செய்தனர். தட்டார் செய்ததைப் பாசுரம் பாடிற்று.

ஸ்ரீவிஷ்ணு புராணம் முதல் அம்சத்தின் இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் எம்பெருமானின் ஆபரணங்களும் ஆயுதங்களும் தத்துவங்களாகவே விளங்குகின்றன என்று பராசரர் உபதேசிக்கிறார். கௌஸ்துபம் ஜீவாத்ம தத்துவம், ஸ்ரீவத்ஸம் மூலப்ரக்ருதி, கதை புத்தி, வைஜயந்தி மாலை பூதங்களின் தொகுதி. எண்ணிறந்த ஜீவர்களுள் தானும் ஒருவனாக வரிசையில் நசுங்கி நிற்பவன், தன் இனத்தின் அடையாளம் பெருமானின் திருமார்பில் மணியாக இருப்பதை அறிந்து நிமிர்ந்து பார்க்கலாம்.

பொன் மெய், பூணும் மெய்

சாந்தோக்கிய உபநிஷத்தின் ஆறாம் ப்ரபாடகத்தில், உத்தாலகர் தம் மகன் ச்வேதகேதுவுக்கு மூன்று எடுத்துக்காட்டுகள் கூறுகிறார். ஒரு மண்ணுருண்டையை அறிந்தால் மண்ணாலாகியவை எல்லாம் அறியப்படும், ஒரு பொற்கட்டியை அறிந்தால் பொன்னாலாகியவை எல்லாம் அறியப்படும், இரும்பும் அவ்வாறே. இதற்கு, உலோகம் ஒன்றே மெய், உருவமும் பெயரும் சொல்லளவே என்று பொருள் கூறுவாரும் உண்டு. ஸ்ரீபாஷ்யகாரர் அவ்வாறு கொள்ளவில்லை. ஆரம்பணாதிகரணத்தில் அவர் காட்டும் நெறிப்படி, காரணமாகிய திரவியமே வேறொரு நிலையை அடைந்து காரியம் என நிற்கிறது. அந்நிலையும் மெய், அந்நிலைபற்றி வந்த பெயரும் பயனும் மெய். பொற்கட்டியைக் காதில் அணிய முடியாது. குண்டலத்தை அணியலாம். பொன் மாறவில்லை, ஆயினும் குண்டலம் என்ற ஒன்று புதிதாக உண்டாயிற்று என்பதை மறுக்க இயலாது.

பாஷ்யத்திலுள்ள இந்த விசாரம் திருவாபரணப் பெட்டிக்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். மிக நேராகவே பொருந்தும். துலாக்கோலுக்குப் பொன் மட்டுமே தெரியும், பூண் தெரியாது. நூறு ஆண்டுக்கு முன் செய்த பதக்கத்தையும் நேற்று வார்த்த கட்டியையும் அது ஒரே எடையாகக் காட்டும். துலாக்கோல் சொல்வதையே முழு உண்மையென்று கொள்வோமாயின், பழைய பதக்கத்தை உருக்குவதில் இழப்பொன்றும் இல்லை. நம் ஸம்ப்ரதாயத்தின்படி இழப்பு உண்டு. அதுவும் மெய்யான இழப்பு.

எஞ்சியவை

பழைய ஆபரணங்களின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். முதலாம் இராஜராஜ சோழன் தஞ்சைத் திருக்கோயிலுக்கு அளித்த அணிகலன்களைக் கல்வெட்டில் காண்கிறோம். பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும் மணிகள் இழைத்தவற்றைத் 'தக்ஷிணமேரு விடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்தனர். கழஞ்சு ஒன்றுக்கு 20 மஞ்சாடி. மஞ்சாடி ஒன்றுக்கு 2 குன்றி. முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று இனம் பிரித்து எண்ணினர்; உள்ளே இட்ட அரக்கையும் விடாது குறித்தனர். அத்தனை நேர்மையான கணக்கு வேறெங்கும் காண்பது அரிது. ஆனால் அக்கணக்கில் எழுதப்பட்ட அணிகள் இன்று இல்லை. ஏகவல்லி, ஸ்ரீசந்தம், வடுகவாளி என்று பெயர்கள் இருக்கின்றன; எடை இருக்கிறது. அவற்றைக் கொண்டு ஒரு வடுகவாளியைத் திரும்பச் செய்யுமாறு எந்தப் பத்தரிடமும் கூற முடியாது.

திருவரங்கத்திலும் இதே கதை. கோயிலைப் பொன் வேய்ந்த சடாவர்மன் சுந்தர பாண்டியன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மரகத மாலையும் ரத்ன கிரீடமும் முத்து மாலையும் ஸமர்ப்பித்ததை அங்குள்ள வடமொழிச் சாஸனம் கூறுகிறது. 1311இலும் 1323இலும் நேர்ந்த படையெடுப்புகளில் கோயிற்செல்வம் சூறையாடப்பட்டது. நம்பெருமாளே ஊர்விட்டு ஊர் எழுந்தருளி 1371இல்தான் மீண்டார். திருமலையிலும் சாஸனம் பேசுகிறது. 1513 பிப்ரவரியில் முதன்முறை ஸேவிக்க வந்த கிருஷ்ணதேவராயர் நவரத்ன கிரீடத்தையும் கர்ப்பூர ஆரத்திக்கு 25 வெள்ளித் தட்டுகளையும் ஸமர்ப்பித்தார். அவருடைய தேவியர் இருவரும் பால் அமுதுக்குப் பொற்கிண்ணங்கள் அளித்தனர்.

படையெடுப்பில் போனவற்றுக்கு யாரையும் இன்று கேட்பதற்கில்லை. பக்தியினாலேயே போகின்றவையும் உண்டு. அதைத்தான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அன்பர் ஒருவர் புதிய கிரீடம் ஸமர்ப்பிக்க விரும்புகிறார். கையிலுள்ள பொன் போதவில்லை. பெட்டியில் சாத்தப்படாமல் கிடக்கும் பழைய கிரீடம் ஒன்றைச் சேர்த்து "அழித்துச் செய்தால்" போதுமானதாகிறது. எல்லோரும் நல்லெண்ணத்துடன் இணங்குகின்றனர். உலையில் பழைய கிரீடம் இறங்குகிறது. பழம்பொன்னில் பற்றாசு கலந்திருப்பதால் புடமிட்டுச் சுத்தி செய்ய வேண்டியதாகிறது; சேதாரம் கழிகிறது. உருண்டைக் கெம்புகள் புதிய அமைப்பின் குழிகளில் பொருந்துவதில்லை. அவை ஒரு துணியில் முடியப்படுகின்றன. அச்சில் அடித்த இதழும் கொடியுமாகப் புதிய கிரீடம் பளபளவென்று வருகிறது. பழைய நகாசைச் செய்த கையும் இல்லை. அக்கையின் சுவடும் இப்போது இல்லை.

உருக்குவது எக்காலத்தும் தவறென்று சொல்வதற்கில்லை. உண்டியலில் சேரும் கண்மலர்களும் அறுந்த சங்கிலித் துண்டுகளும் பலமாற்றுப் பொன்னும் உருக்கிக் கட்டியாக்குவதற்கே உரியவை. அவை எம்பெருமானின் பூணாக ஒருநாளும் இருந்ததில்லை. சாத்தப்பட்ட ஆபரணம் வேறு. அதைப் பழுது பார்த்தல் புதியது செய்தலினும் குறைந்த கைங்கர்யம் என்று எங்கும் சொல்லப்படவில்லை. தளர்ந்த குந்தனத்தை இறுக்குவதும், ஒடிந்த கொளுவியை மாற்றுவதும், வற்றி உதிர்ந்த அரக்கை நிரப்புவதும் கூலி குறைவான வேலைகள். பெயர் பொறிக்கவும் இடமிராது. அதனாலேயே அவற்றுக்கு உபயதாரர் கிடைப்பதில்லை போலும்.

நாள்தோறும் காக்கும் முறையிலும் கருத்து வேண்டும். குந்தனம் இழைத்த நகையை வெந்நீரில் இடலாகாது. அரக்கு இளகிக் கல் கழன்றுவிடும். திருமஞ்சனத்துக்குமுன் இவற்றைக் களைந்துவிடும் வழக்கம் நகைக்கும் நன்று. சந்தனமும் மலர்ச்சாறும் படிந்த பொன்னுக்குப் பூந்திக்கொட்டை நீரில் நனைத்துப் பிழிந்த மென்மையான துணி போதும். வடசேரி முறையில் பொன்றகடு போர்த்தவற்றைப் பொடியிட்டுத் தேய்த்தால் சில ஆண்டுகளில் வெள்ளி வெளியே தெரியும். வெள்ளிக் கவசங்களையும் ஒவ்வொரு விழாவுக்கும் வன்மையாக மெருகிட்டு மெருகிட்டு, மூக்கும் விரலும் தேய்ந்து மழுங்கியிருப்பதைப் பல ஊர்களில் காணலாம். சிறிது கறுப்பு இருந்தால் பாதகமில்லை; நகாசின் பள்ளங்களில் நிற்கும் அக்கறுப்பே உருவத்தை எடுத்துக்காட்டுவது.

உத்ஸவம் நிறைவுற்று விடையாற்றியும் கழிந்தபின், திருவாபரணங்கள் ஒவ்வொன்றாகக் களையப்பட்டு, பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கப்பட்டு, மெல்லிய துணியில் சுற்றிப் பெட்டிக்குள் செல்கின்றன. பதிவேட்டில் பெயரும் எடையும் கற்களின் தொகையும் இருக்கும். சிலவற்றின் எதிரே, "கல் 1 இல்லை" என்று முன்னோர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பும் இருப்பதுண்டு. நகையைத் திருப்பிப் பார்த்தால், அந்தக் கல் இருந்த குழி மெல்லிய பொற்சுவரோடு அப்படியே இருக்கும்.